வாப்பாவின் படத்திற்கு ஒரு தாள்

“கிளாஸியா, மேட்டா?”

படம் அச்சிடும் கடைகளில் நம்மை எதிர்கொள்ளும் முதற்கேள்வி இதுவே. பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுவே. பளபளப்புத் தாளா, பளபளப்பற்ற தாளா என்று கடைக்காரர் வினவுகிறார். ‘எது நல்லதோ அதைப் போடுங்கள்’ என்று சொல்லிவிட்டு நாம் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறோம். 2002-ஆம் ஆண்டில் நாமும் அவ்வாறுதான் சொன்னோம். அந்தச் சொல்லின் விலையை அறிய ஈராண்டு பிடித்தது. அதைத் திருத்திக்கொள்ளவோ இருபதாண்டுக்கு மேலாயிற்று.

எங்கள் வாப்பா 1958-இல் நாகப்பட்டினத்தில் ராஜுலாக் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர்கள். அங்கே சூலியாத் தெருவில் ஒரு கடையில் கணக்கெழுதினார்கள். 1964-இல் அக்கடைவாசலில் நின்று ஒரு படம் எடுத்து, அதன் பின்புறத்தில் நாலு வரி எழுதி உம்மாவுக்கு அனுப்பினார்கள். அஞ்சலட்டை அளவு, ஐந்தரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். வெள்ளைச் சட்டை, கைலி, தலையில் தொப்பி; பின்னால் கடையின் இருண்ட வாயில். 1974-இல் ஊர் திரும்பி, 1991-இல் மறைந்தார்கள். அதற்குமுன்னும் பின்னும் அவர்கள் படம் எடுத்துக்கொள்ள விரும்பியதில்லை. கடவுச்சீட்டில் ஒட்டிய சிறு முகம் கடவுச்சீட்டோடு போயிற்று. ஆக, எங்கள் ஐவருக்கும் வாப்பாவின் உருவம் என்றிருந்தது அந்த ஓர் அட்டைதான்.

உருவப்படத்தைச் சுவரில் மாட்டலாமா என்பதில் நம் இல்லங்களில் இருவேறு கருத்துகள் உண்டு. அந்த விவாதத்தை இங்கே நாம் தொடவில்லை. எங்கள் வீட்டில் உம்மாவின் சட்டம் எளியது: தொழுகிற அறையில் உருவம் கூடாது. வாப்பா இருந்தவரை படம் மரப்பெட்டிக்குள், துணிகளுக்கிடையில் இருந்தது. 2002-இல் அதைப் பெரிதாக்கி முன்கூடத்தில் மாட்டவேண்டுமென்று அவாவியவர்கள் பிள்ளைகளாகிய நாங்களே. தங்கை மகன் கணிப்பொறி வாங்கியிருந்தான். படத்தை ஸ்கேன் செய்து ஒரு சி.டி.யில் பதித்தான். படத்தின் பின்புறத்தையும் பதிக்கவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. அந்த சி.டி.யை எடுத்துக்கொண்டுபோய்த்தான் மேற்சொன்ன கேள்விக்கு மேற்சொன்ன விடையை அளித்தோம்.

வந்த படம் கண்ணைப் பறித்தது. கண்ணாடியைப் போல் மின்னிற்று. முன்கூடத்தில், சன்னலுக்கு எதிர்ச்சுவரில், அதை ஏற்றினோம். ஓராண்டு கழிந்தபோது வாப்பாவின் வெள்ளைச் சட்டையில் செம்மை படர்ந்தது. ஈராண்டில் படம் முழுவதும் செம்மண் நிறமாயிற்று. ஈரக்காற்றில் படத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கழற்றப் போனால் தோலுரிவதுபோல் மேற்பூச்சு உரிந்து வந்தது. ‘போகட்டும், மூலப்படம் பெட்டியில் இருக்கிறதே’ என்றார் நானா.

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் பின்கட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மரப்பெட்டி மிதந்து கவிழ்ந்தது. உயிர்களைக் காப்பாற்றிய இறைவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு படத்தைப் பற்றி வாய்திறக்க எவருக்கும் மனம் வரவில்லை. பல நாள் கழித்து உம்மாதான் கேட்டார்கள். சென்னையில் தங்கை வீட்டில் இருந்த சி.டி. மட்டுமே மிஞ்சியிருந்தது.

2024-இல் உம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. இரு கண்களிலும் புரை எடுத்தாயிற்று; எனினும் ஒளி கூசுகிறது. “உங்க வாப்பா படத்தெ எனக்குக் கையிலெ வெச்சுப் பார்க்குற மாதிரி ஒண்ணு போட்டுத் தாங்க. சுவர்லெ வேணாம்” என்றார்கள். இம்முறை ‘எது நல்லதோ’ என்று சொல்வதற்கில்லை. நாம் தாளைப் பற்றிப் படிக்கலானோம்.

முதலில் தெளிந்தது, 2002-இல் நாம் பழி சுமத்தவேண்டியது தாளை மட்டுமன்று என்பது. இங்க்ஜெட் பொறி, மையை மிக நுண்ணிய துளிகளாகத் தாளின்மேல் தெளிக்கிறது. ஒரு துளியின் அளவு சில பிகோலிட்டர். ஒரு பிகோலிட்டராவது ஒரு லிட்டரில் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. மையில் இருவகை உண்டு. ஒன்று சாய மை. சர்க்கரை தண்ணீரில் கரைவதுபோல் நிறம் அதில் கரைந்திருக்கும். மற்றது நிறமி மை. கடைக்காரர்கள் ‘பிக்மென்ட்’ என்பார்கள். இதில் நிறம் கரையாமல் நுண்துகளாக மிதக்கும். ஒளியும் காற்றும் சாயத்தின் மூலக்கூறுகளை எளிதில் சிதைத்துவிடும். துகளோ மேற்புறம் தேய்ந்தாலும் உள்ளே நின்று தாங்கும். அக்காலக் கடைகளில் கறுப்பு வெள்ளைப் படத்தையும் நீலம், செம்மை, மஞ்சள் மைகளைக் கலந்தே அச்சிட்டார்கள். அவற்றுள் நீலம் முதலில் கழன்றுகொண்டால் எஞ்சுவது செம்மஞ்சள்தானே! வாப்பாவின் சட்டை சிவந்த மர்மம் இதுதான்.

அடுத்தது தாளின் பூச்சு. எழுதும் தாளில் இங்க்ஜெட் மை பட்டால் நாரின் வழியே ஓடிப் பரவிவிடும். ஆகவே படத்தாளின்மேல் மையை அங்கேயே பிடித்துநிறுத்தும் பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள். ஒருவகைப் பூச்சு, ஈரம் பட்டதும் உப்பி மையை உள்ளிழுத்து மூடிக்கொள்ளும். அது காற்றிலிருந்து சாயத்தைக் காக்கும், ஆனால் உலர நேரமாகும், ஈரக் காலத்தில் பிசுபிசுக்கும். மற்றொரு வகை, சிலிகா அல்லது அலுமினாத் துகளால் ஆன நுண்துளைப் பூச்சு. கடற்பஞ்சுபோல் மையை உடனே குடித்துவிடும். அச்சிட்ட மறுநொடியே கையால் தொடலாம். ஆனால் துளைகள் திறந்தே கிடப்பதால் காற்றிலுள்ள ஓசோன் உள்ளே புகும். சாய மையும் நுண்துளைத் தாளும் கண்ணாடியின்றிக் காற்றில் சேர்ந்தால் படத்துக்கு ஆயுள் குறைவு. இதைப் பொறியும் தாளும் செய்தவர்களே காலங்கடந்துதான் உணர்ந்தார்கள். நுண்துளைத் தாளோடு நிறமி மை சேர்ந்தால் அந்த அச்சம் பெரிதும் நீங்குகிறது.

இதைப் படிக்கையில் நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. எட்டாம் நூற்றாண்டில் சமர்கந்திலும் பாக்தாதிலும் தாள் செய்தவர்கள், சணல், லினன் கந்தைகளை இடித்துக் கூழாக்கித் தாள் வார்த்தார்கள். அதன்மேல் மாவுக்கஞ்சி பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். எதற்கு? எழுதுகோலின் மை தாளுக்குள் பரவாமல் மேலேயே நிற்பதற்கு! ஆயிரத்திருநூறு ஆண்டுக்குப் பின் வந்த பூச்சின் வேலையும் அதுவே. நாம் இன்றும் தாளைக் ‘காகிதம்’ என்பது பார்சியும் அறபும் வழங்கிய சொல். கடையில் ‘ஒரு ரீம்’ என்று கேட்கிறோமே, அது ‘ரிஸ்மா’ என்னும் அறபுச் சொல் ஐரோப்பா சென்று திரும்பிய வடிவம். உம்மாவின் பாட்டியாருடைய அறபுத் தமிழ்க் கையேடு ஒன்று எங்கள் பரணில் இருந்ததால் கடல்நீருக்குத் தப்பிற்று. ஓரங்கள் பழுத்துவிட்டன; பூச்சி அரித்திருக்கிறது; எழுத்துமட்டும் நேற்று எழுதியதுபோல் கறுப்பாக நிற்கிறது. விளக்குக்கரியில் கூட்டிய மை. நிறமி மைப் பொறியின் கறுப்பும் கரித்துகள்தான் என்று அறிந்தபோது, புதிய பொறியின்மேல் நமக்கிருந்த ஐயம் பாதி குறைந்தது.

சென்னையில் நிறமி மையால் அச்சிடும் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். இளைஞர், பொறுமைசாலி. எங்கள் கோப்பைத் திறந்து பார்த்ததும் அவர் தாளைப் பற்றிப் பேசவில்லை, அளவைப் பற்றிப் பேசினார். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் பதிந்த படம். ஆக நீளத்தில் 1650 புள்ளி, அகலத்தில் 1050. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 200 புள்ளியாவது வேண்டும். அப்படியானால் எட்டேகால் அங்குலத்துக்கு ஐந்தேகால் அங்குலம். அதற்குமேல் இழுத்தால் முகம் கரையும் என்றார். நானாவுக்கு வருத்தம். சுவரளவு படம் வேண்டுமென்று அவர் எண்ணியிருந்தார். ஏ4 தாளின் நடுவே படத்தை வைத்துச் சுற்றிலும் வெள்ளையாக விட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

பிறகு மூன்று தாள்களை எடுத்து மேசையில் போட்டார்.

முதலாவது, நம் ஊர்க்கடைகளில் கிடைக்கும் பளபளப்புத் தாள். நடுவே தாள், இருபுறமும் பாலித்தீன் படலம், மேலே பூச்சு. கலியாணப் படங்களுக்கும் பிள்ளைகளின் பள்ளிப் படங்களுக்கும் இது போதும், விலையும் குறைவு. இதில் முத்துப்போல் மெல்லச் சொரசொரத்த ‘லஸ்டர்’ வகை ஒன்று உண்டு. ஆல்பத்துக்கு அதுவே நல்லது, விரல்ரேகை தெரியாது.

இரண்டாவது ‘பேரைட்டா’த் தாள். நாரினால் ஆன தாளின்மேல் பேரியம் சல்பேட் என்னும் வெண்பொடியைப் பூசி, அதன்மேல் மைப்பூச்சு. பழைய ஸ்டூடியோக்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இத்தகைய அடித்தளத்தின்மேல்தான் வெள்ளியால் உருவாயின. வாப்பாவின் மூலப்படம் நாற்பதாண்டு பெட்டிக்குள் மாறாதிருந்ததன் காரணம் அந்த வெள்ளியும் அந்த நார்த்தாளும். லாத்தாவின் 1979-ஆம் ஆண்டுக் கலியாண வண்ணப்படங்கள் அதே பெட்டியில் இருந்து சிவந்துபோயின.

மூன்றாவது பருத்தித் தாள். பளபளப்பே இல்லை. சதுர மீட்டருக்கு 308 கிராம் எடை. நாம் நகலெடுக்கும் தாள் 75, 80 கிராம்தான். பருத்திக் கொட்டையில் ஒட்டிநிற்கும் குறும்பஞ்சிலிருந்து செய்வது. மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள்தான் செய்தித்தாளைப் பழுக்கச் செய்வது. பஞ்சில் அது இல்லை. ஜெர்மனியில் 1584-இல் தொடங்கிய ஹானமூலே, பிரான்சில் 1557 முதல் வரும் கான்சன் போன்ற பழைய ஆலைகள் இத்தகைய தாள்களைச் செய்கின்றன. ஒரு தாளின் விலைக்கு நகல் தாள் நூற்றுக்கணக்கில் வாங்கலாம்! கனம் ஒன்றே தரமாகாது என்பதையும் சொல்லவேண்டும். மரக்கூழ் அட்டையும் கனமாகத்தான் இருக்கும். உறையின்மேல் பருத்தி என்றும் அமிலமற்றது என்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

மூன்று தாளையும் அவர் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதாவிளக்கின்கீழ்க் காட்டினார். முதல் தாள் நீலமாகச் சுடர்விட்டது. சலவைத்தூளில் சேர்க்கும் வெண்மையூட்டியைத் தாளிலும் சேர்க்கிறார்கள்; பார்வைக்குப் பளிச்சென்றிருக்கும், சில ஆண்டில் அதன் வலுவிழந்ததும் தாள் மஞ்சளாகத் தோன்றும். பருத்தித் தாள் விளக்கின்கீழ் மங்கலாகவே கிடந்தது. பகலில் பார்த்தால் பாலேடுபோல் இலேசான மஞ்சள். வெள்ளை வெளேரென்றிருப்பதே உயர்ந்தது என்று இத்தனை நாள் எண்ணியிருந்தோம்.

எல்லாம் கற்றும், நாம் தேர்ந்தது பேரைட்டாவை. காரணம் ஆசைதான். மூலப்படத்தின் சாயல் அதில் அப்படியே இருந்தது. கடைவாயிலின் இருள் இருளாகவே நின்றது. பருத்தித் தாளில் கறுப்பு அத்தனை ஆழம் காட்டாது. கரும்பலகையின் கறுப்புக்கும் மெருகேற்றிய கருங்காலியின் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு. கடையின் விளக்கில் பேரைட்டாவில் வாப்பாவைப் பார்த்தபோது நானா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் தர்க்கமேது?

ஊருக்குக் கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்தோம். சன்னலோரக் கட்டிலில் அமர்ந்திருந்தார்கள். படத்தை முன்னே பிடித்தார்கள், சாய்த்தார்கள், திருப்பினார்கள், கண்ணைச் சுருக்கினார்கள்.

“வாப்பா, எனக்கு சன்னல்தான் தெரியுது. உங்க வாப்பாவெ காணலியே.”

குழல்விளக்கின்கீழ் கொண்டுபோனோம். அங்கே குழல்விளக்குத் தெரிந்தது. நம் கண்ணுக்குக் குற்றமில்லாத அந்த மினுமினுப்பு, புரை எடுத்த கண்ணுக்குத் திரையாக நின்றது. படத்தை எந்தக் கண் பார்க்கப்போகிறது, எந்த ஒளியில், எத்தனை தூரத்தில் என்பதைக் கடையில் நின்று நாம் ஒருகணமும் எண்ணவில்லை. 2002-இல் செய்த அதே பிழையை, இம்முறை நன்றாகப் படித்துவிட்டுச் செய்திருந்தோம்.

மீண்டும் சென்னை. பருத்தித் தாளில் கறுப்பின் ஆழம் குறைவதால் கோப்பையும் அதற்கேற்பத் திருத்தவேண்டியிருந்தது. இருண்ட பகுதிகளைச் சற்றே வெளுக்கச் செய்தால்தான் அவற்றுள் இருப்பவை கூழாகாமல் பிரிந்துநிற்கும். ஒவ்வொரு பொறிக்கும் தாளுக்கும் உரிய நிறக்கணக்கு ஒன்று கோப்பாகக் கிடைக்கிறது. அதைப் பொருத்தாமல் அச்சிட்டால் உயர்ந்த தாளும் வீண். மங்கல் தாளுக்கென்று தனிக் கறுப்பு மையும் உண்டு. தாளின் எப்புறம் பூச்சு என்பது நம் கண்ணுக்குத் தெரியவில்லை. இளைஞர் விரல்நுனியை நனைத்து ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டுகிற புறமே அச்சிடும் புறமாம். அடுப்படியில் பாகுபதம் பார்ப்பது நினைவுக்கு வந்தது.

மற்ற நால்வர் வீட்டுக்கும் என்ன தாள் என்ற பேச்சு எழுந்தது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியின் கூடத்தில் சன்னலில்லாச் சுவர் ஒன்று உண்டு. பேரைட்டாப் படம் அங்கே போயிற்று. லாத்தா வீட்டில் பலகணிக்கு எதிரே மாட்டவேண்டும் என்றார்கள். வேண்டாம், உள்நடையில் மாட்டுங்கள் என்று வாதாடினோம். அச்சுப்படங்களின் ஆயுளை ஆராய்ந்த ஹென்றி வில்ஹெல்ம் என்னும் அமெரிக்கர் நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் என்று வைத்துக்கொண்டுதான் தம் ஆண்டுக்கணக்கைச் சொல்கிறார். வெயில் நேரே விழும் நம் பலகணியின் வெளிச்சம் அதைப் பன்மடங்கு மிஞ்சும். ‘நூறாண்டு’ என்று தாளுறையில் அச்சிட்டிருந்தால் நம் வீட்டு வெயிலையும் நினைத்துக்கொள்ளவேண்டும். லாத்தா இசைந்தார்கள், அரைமனத்தோடு. நானாவும் தங்கையும் பருத்தித் தாளே போதுமென்றார்கள்.

சட்டம் போடுகிறவரிடம் மூன்று சொன்னோம். அச்சிட்டு ஒருநாளாவது உலராமல் கண்ணாடிக்குள் அடைக்கக்கூடாது. மையிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியின் உட்புறம் புகைபோல் படியும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வேண்டும். நம் கடற்கரை ஈரத்தில் அவ்விரண்டும் தொட்டால் பிரியமாட்டா. பின்னால் பழைய செய்தித்தாளையும் பழுப்பு அட்டையையும் வைக்கவே கூடாது. அவர் சிரித்தார். “இவ்வளவு காலம் அதைத்தானே பாய் வெச்சேன்” என்றார். நாமும் அவரிடம்தான் இத்தனை காலம் மாட்டிக்கொடுத்தோம் என்பது உண்மை.

உம்மாவுக்குக் கண்ணாடி இல்லை. மங்கல் தாளின் முகத்தில் விரல்பட்டால் கறை ஏறும், உரசினால் கீறும். ஆகவே கனத்த அட்டையில் சாளரம்போல் வெட்டி, படத்தைக் கோந்து படாமல் நான்கு மூலைகளிலும் காகித மடிப்பில் செருகி, புத்தகம்போல் மூடித்திறக்கும் உறையாகச் செய்தோம். தொழுகை நேரத்தில் மூடி அலமாரியில் வைத்துவிடலாம்.

ஒரு நாள் அஸர் தொழுதபின் கொடுத்தோம். அதே கட்டில், அதே சன்னல். உம்மா உறையைத் திறந்தார்கள். சாய்க்கவில்லை, திருப்பவில்லை. நெடுநேரம் பேச்சில்லை. பிறகு விரலை, முகத்தின்மேல் அன்று, கடைவாயிலின் இருட்டின்மேல் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்கள்.

“இங்கே ஒரு பையன் நிக்கிறானே, பார்த்தியளா?”

மூட்டை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உற்றுப் பார்த்தால் வெளுத்த இருளுக்குள் ஒரு தோளும், கதவைப் பிடித்த ஒரு கையும்.

“கடையிலெ புதுசாச் சேர்ந்த புள்ளை. வாப்பா இல்லாத புள்ளை. ‘இவனையும் சேர்த்து அஞ்சு நேரமும் துஆச் செய்’னு படத்துக்குப் பின்னாலெ எழுதியிருந்தாங்க. நாலு வரிலெ ரெண்டு வரி இவனெப் பத்தித்தான்.”

கடலோடு போன அந்தப் பின்புறத்தை நாங்கள் ஒருவரும் படித்துவைக்கவில்லை. படத்தை உறையிலிருந்து கழற்றிக் கவிழ்த்து, மெத்தென்ற பென்சில் ஒன்றைச் சீவிக்கொண்டு உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தோம். பருத்தித் தாளின் முதுகில் பென்சில் வழுக்காமல் ஓடிற்று. உம்மா முதல் வரியைச் சொன்னார்கள். இல்லை, அது இரண்டாவது வரி என்றார்கள். அழித்து மீண்டும் எழுதினோம்.